கொக்கி வண்டியை நிறுத்திய இடம்

விபத்தில் நசுங்கிய வண்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவது கொக்கியின் பிழைப்பு. மனிதர்களை மட்டம் தட்டுவது அவனுடைய பொழுதுபோக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய ஆள் அவன். முகப்பு உடைந்த காரைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டே, நெற்றியில் ரத்தத்தோடு நிற்கும் சொந்தக்காரரிடம், “பிரேக்குன்னு கீழ ஒண்ணு இருக்குமே சார், விக்கும்போது அத உங்களுக்குக் காட்டவே இல்லயா?” என்று கேட்பான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டான். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு, அதை வங்கிக்காரர்கள் மட்டும்தான் சொல்லிக் கூப்பிடுவார்கள். லாரியின் பின்னால் தொங்கும் கொக்கியால் வந்த பட்டப்பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவன் நாக்கைப் பார்த்து வைத்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

அவன் மதிக்காத ஆட்களை எண்ண ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருபவர்கள், லைசென்ஸ் வாங்கிய மறுநாளே நெடுஞ்சாலைக்கு வருபவர்கள், வண்டிக்குப் பெயர் வைத்துக் கொஞ்சுபவர்கள் எல்லோரும் அவனுக்குக் கிள்ளுக்கீரை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தபோதே மேற்பார்வையாளரிடம், “உங்களுக்கு ஸ்பேனர் எதுக்கு சார், பேனா போதுமே” என்று சொல்லிவிட்டு வேலையை விட்டவன். பழைய லாரி ஒன்றைப் பிடித்து, பின்பக்கத்தை அறுத்து, சாய்ந்து இறங்கும் தட்டு ஒன்றைப் பொருத்தி, சாலை வளைவில் கிடந்த காலி நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு, சற்றுத் தள்ளி ஒரு சின்ன வீடும் கட்டி உட்கார்ந்தான். தொழிலில் கெட்டிக்காரன்தான், அதை யாரும் மறுக்க முடியாது. பள்ளத்தில் தலைகீழாகக் கிடக்கும் வேனை ஒரு கீறல் கூடுதலாக விழாமல் மேலே கொண்டுவந்துவிடுவான். வேன் மேலே வந்த அதே வேகத்தில் கெட்டிக்காரத்தனம் தலைக்கும் ஏறியிருந்தது.

அவன் இளக்காரத்துக்கு ஆளானவர்களில் முதல் வரிசையில் நடு நாற்காலி அவன் மனைவியின் அண்ணனுக்கு. தீயணைப்பு நிலையத்தில் அதிகாரி. நேரில் ‘மச்சான்’, ‘வாங்க’, ‘உக்காருங்க’ எல்லாம் உண்டு. முதுகுக்குப் பின்னால் ‘மைக்’. எங்கே மைக்கைப் பார்த்தாலும் போய் நின்றுகொள்கிற ஆசாமி என்பதால் கொக்கி வைத்த பெயர் அது. கொக்கியின் கல்யாணத்திலேயே பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்கவைத்துவிட்டு, சிலிண்டர் கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சாப்பாடு ஆறும்வரை பேசியவன். ஒரு பள்ளிக்கூடத்தில் தீயணைப்பானை இயக்கிக் காட்டுகிறேன் என்று ஊசியை உருவி அழுத்தினான். அதிலிருந்து எறும்புக்கு ஜலதோஷம் பிடிக்கிற அளவுக்குக்கூட ஒன்றும் வரவில்லை. குழந்தைகள் கைதட்டினார்கள். அவனும் கையை ஆட்டினான்.

யோசனை சொல்வதில் அவனுக்கு நிகர் கிடையாது. தண்ணீர்த் தொட்டியை இந்த மூலையில் வையுங்கள் என்றான், மூலை மண்ணில் இறங்கித் தொட்டி விரிந்தது. கொட்டகைக்கு இந்தத் தகரம்தான் போட வேண்டும் என்றான், முதல் காற்றிலேயே அது பக்கத்து வயலைப் பார்க்கப் போய்விட்டது. இப்படி ஒவ்வொன்றாகப் பட்டு, மச்சான் ஒன்று சொன்னால் அதற்கு நேர்மாறாகச் செய்தால் குடும்பத்துக்கு நல்லது என்ற முடிவுக்குக் கொக்கி எப்போதோ வந்துவிட்டான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். பொறுக்க முடியாதது மாமனார் விஷயம். மைக்குக்கு மாடி வீடு, பின்னால் மாமரம் போட்ட தோட்டம், விருந்தினருக்கென்று தனி அறை. பெற்ற அப்பன் மட்டும் மருமகன் கொட்டகையில். மாமியார் போன பிறகு கால்கள் இரண்டும் செயலிழந்து கிடந்தவரை மகள் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். கொட்டகையை ஒட்டி ஸ்பேனர், டயர் எல்லாம் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டுக் கொடுத்தது கொக்கிதான். அந்த அறைக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டுமே கொட்டகைக்குள்தான் திறக்கும். “தங்கச்சி வீட்டுல அப்பாவ ஏத்தி விட்டுட்டு ஊருக்குப் பாதுகாப்பு சொல்லித் தர்றாரு உங்க அண்ணன்” என்று கொக்கி மனைவியிடம் சொல்வான்.

மாமாவைக் கொக்கிக்குப் பிடிக்கும். உலகத்தில் அவன் மட்டம் தட்டாத ஒரே மனிதர் அவர்தான் என்று சொல்லலாம். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். ஏறி இறங்குகிறவர்களின் செருப்பைப் பார்த்தே இன்னார் இப்படி என்று கணக்குப் போட்டுப் பழகிய கண். கொட்டகைக்குள் புதிதாக ஒரு வண்டி வந்தால், தலையணையில் சாய்ந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுவார். “இவன் தூங்கலடா மாப்பிள்ளை. பொண்டாட்டிகூட சண்டை போட்டுக்கிட்டே ஓட்டியிருக்கான். இடதுபக்கம் மட்டும் நசுங்கியிருக்கு பாரு.” கொக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவும் இருக்கும். வேலை முடிந்து கை கழுவாமலேயே அவர் ஜன்னல் திண்டில் சாய்ந்துகொண்டு, அன்றைக்குப் பார்த்த முட்டாள்களை எல்லாம் ஒருவர் விடாமல் அவருக்கு நடித்துக் காட்டுவான். அந்த வரிசையில் மைக்கும் வருவான். பெற்ற மகனைக் கிண்டலடிக்கிறானே என்று கிழவர் கோபித்துக்கொண்டதில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

ஒரு நாள் விபத்து, ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சாலையில். புத்தம் புது பேட்டரி கார். பாலத்தின் பக்கச் சுவரில் மோதி, அடிப்பக்கம் கல்லில் உரசிக் கிழிந்து நின்றுவிட்டது. ஓட்டி வந்தவன் கையை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். கொக்கி லாரியோடு போய்ச் சேர்ந்தபோது மைக்கின் ஆட்கள் காரின் வயிற்றுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நெருப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. லேசாக வெள்ளை ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் நிறுத்தாமல் பீய்ச்சினார்கள். தொட்டி காலியாகி, ஆற்றிலிருந்து இழுத்தும் பீய்ச்சினார்கள். மைக், முழங்கை வரை வருகிற தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, சூட்டைக் காட்டுகிற ஒரு கேமராவை நீட்டிக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் எவனாவது கையைக் கொண்டுபோனால் சீறி விழுந்தான்.

பேட்டரி வண்டிகளைப் பற்றித் தலைமையகத்தில் நடந்த பயிற்சிக்கு அவன் போய்வந்திருந்தான் என்பது கொக்கிக்குத் தெரியும். சான்றிதழோடு எடுத்த படம் குடும்பத்தில் எல்லோர் போனுக்கும் வந்திருந்தது.

“என்ன மச்சான், கையுறையெல்லாம் போட்டு? பாத்திரம் கழுவ வந்தீங்களா?” என்றான் கொக்கி. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் சிரித்தார்கள்.

மைக் சிரிக்கவில்லை. “மாப்பிள்ளை, நாலு சக்கரமும் தட்டுமேல ஏறணும். ஒரு சக்கரம்கூடத் தரையில உருளக் கூடாது. உருண்டா அதுவே கரண்ட் உண்டாக்கும்.”

“எனக்குத் தொழில் சொல்லித் தர்றீங்களா? சரி, சொல்லுங்க.”

“அது மட்டும் இல்ல. இத உங்க கொட்டகைக்குள்ள விடாதீங்க. சுவர், கூரை, வேற வண்டி, எது பக்கத்துலயும் வேண்டாம். திறந்த வெளியில, சுத்தி ஒரு வீடு கட்டுற அளவுக்கு இடம் விட்டு நிறுத்துங்க. அணைஞ்ச மாதிரி தெரியும். உள்ளுக்குள்ள அணைஞ்சிருக்காது. நாளைக்கும் பத்திக்கலாம், அடுத்த வாரமும் பத்திக்கலாம். புகை வந்தா அது புகை இல்ல மாப்பிள்ளை, விஷம். கிட்டயே போகாதீங்க.”

இத்தனையையும் அவன் கொக்கியின் காதில் சொல்லியிருந்தால் ஒருவேளை கதை வேறாக இருந்திருக்கும். மைக் அப்படிச் சொல்கிற பிறவி இல்லை. குரலை உயர்த்தி, ஒரு கையை இடுப்பில் வைத்து, கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு சொன்னான். யாரோ அதைப் போனில் படம்வேறு பிடித்தார்கள். கொக்கிக்கு உச்சந்தலையில் எரிந்தது. இவ்வளவு தண்ணீர் குடித்த கார் மறுபடி எரியுமாம். நனைந்த விறகுகூட எரியாது. பொம்மைக் கடையில் விற்கிற பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்து சக்கரம் வைத்திருக்கிறார்கள், இதற்கு ஒரு பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு கையுறை!

“அடுத்த வாரம் எந்தக் கிழமைன்னு சொல்லிட்டீங்கன்னா நான் வீட்டுல சொல்லி வச்சுடுவேன்” என்றான். கூட்டம் மறுபடியும் சிரித்தது. கொக்கிக்கு அது போதும்.

கொட்டகைக்குத் திரும்பி வரும்போதே எங்கே நிறுத்துவது என்று அவன் முடிவு செய்துவிட்டான். வாசலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் பெரிய காலி இடம் இருந்தது. மைக் சொன்ன மாதிரியே ஒரு வீடு கட்டலாம். அங்கே நிறுத்தியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் சாலையில் போகும்போது மைக் அதைப் பார்ப்பான், ‘சொன்னபடி மாப்பிள்ளை நிறுத்திட்டாரு’ என்று நிலையத்தில் போய்ச் சொல்வான். அதை நினைக்கவே கொக்கிக்கு வாய் கசந்தது. மழை வருகிற மாதிரி இருக்கிறது, இருக்கை நனைந்தால் சொந்தக்காரன் கத்துவான் என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டான். மாமா இதுவரை பேட்டரி காரைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. லாரியைப் பின்னால் ஒடித்து, ரொம்ப நுட்பமாக, ஒரு கீறல் விழாமல், அவருடைய ஜன்னலுக்கு நேர் எதிரே காரை இறக்கினான். காருக்கும் அறைக் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்கு இடம் இருந்தது.

“இதுதான் மாமா அது. என்ஜினே கிடையாது. பாத்துச் சொல்லுங்க, ஓட்டினவன் எப்படிப்பட்டவன்?”

கிழவர் வெகுநேரம் பார்த்தார். “சத்தமே வராத வண்டிடா இது. ஓடுறது தெரியாம ஓட்டியிருக்கான்” என்றார். இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மைக் தங்கையின் போனுக்குக் கூப்பிட்டான். அவள் கை மாவாக இருந்ததால் போனைச் சத்தமாகப் பேசும்படி வைத்தாள்.

“அந்த பேட்டரி வண்டிய எங்க நிறுத்தியிருக்காரு?”

கொக்கி சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை உயர்த்தினான். “வெளியிலதான் மச்சான். நட்டநடு வெட்டவெளியில. காக்காகூடக் கிட்ட வரல.”

“சூடு இருக்கான்னு தூரத்துலேர்ந்தே பாத்துக்கிட்டு இருங்க. சத்தம் ஏதாவது வந்தா உடனே கூப்பிடுங்க. புஸ்ஸுன்னு, இல்லன்னா பட்டு பட்டுன்னு வரும்.”

“ஆகட்டும் மச்சான்.”

போன் அணைந்ததும் மனைவி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“வேற எப்படி உங்க அண்ணன் வாய மூடுறது?”

“அப்பா ஜன்னலுக்கு எதிர்ல நிக்குது அது. சாப்பிட்டதும் தள்ளி நிறுத்துங்க.”

“உங்க அண்ணன் சொல்லி ஏதாவது ஒண்ணு நடந்திருக்கா இந்த வீட்டுல? ஒண்ணே ஒண்ணு சொல்லு, இப்பவே தள்ளி வைக்கிறேன்.”

அவள் யோசித்துப் பார்த்தாள், உண்மையாகவே ஒன்றும் கிடைக்கவில்லை. கொக்கி வெற்றியோடு மோர் குடித்தான்.

சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனபோது கிழவர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். “மாப்பிள்ளை, உன் வண்டி மூச்சு விடுதுடா. கேட்டுப் பாரு.” கொக்கி நின்று கேட்டான். காரின் அடியிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது. டயரில் காற்று இறங்குகிற மாதிரிதான் இருந்தது. சத்தம் வந்தால் கூப்பிடு என்று மச்சான் சொல்லிப் போன் வைத்து முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு கெட்டிக்காரனுக்கு அது மறந்தும் போகவில்லை. ஆனால் கூப்பிட்டால் மைக் வண்டியோடும் மணியோடும் வருவான், கார் நிற்கிற இடத்தைப் பார்ப்பான், இடுப்பில் கையை வைப்பான்.

“நேத்து குடிச்ச தண்ணிக்கு ஏப்பம் விடுது மாமா” என்றான். கிழவர் சிரித்தார். பழைய இரும்பு வாங்குகிறவன் வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தான். அவனிடம் பேரம் பேசக் கொக்கி வாசலுக்குப் போனான்.

பேரம் பாதியில் இருந்தபோது பின்னால் பட்டாசுச் சரம் வெடிக்கிற மாதிரி கேட்டது. திரும்பினால் கொட்டகையின் வாய் முழுவதும் வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து நெருப்பு, மேலே போகாமல், அடுப்புத் திரியைத் தூண்டிவிட்ட மாதிரி பக்கவாட்டில் பீய்ச்சி அடித்தது. ஜன்னல் பக்கம்தான் அடித்தது. கொக்கி ஓடினான். புகையின் விளிம்புக்குப் போனதுமே கண்ணும் தொண்டையும் பற்றிக்கொண்டு எரிந்தன, பின்வாங்கினான். மறுபடி போனான், மறுபடி பின்வாங்கினான். மனைவி போனில் அண்ணனிடம் கத்திக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து கிழவர், “மாப்பிள்ளை” என்று கூப்பிடுவது கேட்டது. பதற்றமே இல்லாமல், எழுந்து வரச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, குறை சொல்ல முடியாது. இறங்கியவுடன் இரண்டு பேர் குழாயை இழுத்துக்கொண்டு காரின் பக்கம் ஓடினார்கள். மைக் ஓடவில்லை. வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து சிலிண்டரை எடுத்து முதுகில் மாட்டினான். வாரை இழுத்து இறுக்கினான். முகமூடியை வைத்து, அழுத்திப் பார்த்து, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று சோதித்தான். கூட வருகிறவனுக்கும் அதையே சோதித்தான். கொக்கியின் ரத்தம் கொதித்தது.

“பெத்த அப்பன் உள்ள கெடக்கான், நீ அலங்காரம் பண்ணிக்கிட்டு இருக்கியாடா!” என்று கத்தினான். மச்சான், நீங்க, வாங்க எல்லாம் போய்விட்டது. “போட்டோ எடுக்க ஆள் வரணுமா?”

முகமூடிக்குள்ளிருந்து மைக் கையை நீட்டி, வேண்டாம், நில் என்று காட்டினான். கொக்கி நிற்கவில்லை. துண்டை நனைத்து வாயில் கட்டிக்கொண்டு புகைக்குள் பாய்ந்தான். இவன் வாழ்நாளில் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்துச் சிரித்தவன். ஈரத் துண்டை நம்பி விஷத்துக்குள் ஓடுகிறவனைப் பார்த்தால் என்ன பேசியிருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

அறைக் கதவு வரைக்கும் போனான். கதவை இழுத்துத் திறந்ததும் ஞாபகம் இருக்கிறது. கட்டிலின் கால் தெரிந்தது, கிழவரின் கை தெரிந்த மாதிரியும் இருந்தது. ஒரு மூச்சு இழுத்தான். நெஞ்சுக்குள் யாரோ கொதிக்கிற எண்ணெயை ஊற்றிய மாதிரி இருந்தது. முழங்கால் மடங்கி, காருக்கும் கதவுக்கும் நடுவில், அந்த ஒரு ஆள் இடத்தில், குப்புற விழுந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தெரிந்துகொண்டான். மூக்கில் குழாயோடு கிடந்தவனிடம் அதைச் சொன்னது மைக் இல்லை, மைக்கோடு உள்ளே போன ஆள். சும்மா பார்க்க வந்தவன், வெள்ளையாகச் சொல்லிவிட்டான். இவர்கள் இருவரும் முகமூடியோடு போனபோது வழியை அடைத்துக்கொண்டு கொக்கி கிடந்தான். கனத்த உடம்பு. தாண்டிப் போக முடியாது, கதவும் அவன்மேல் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அவனை இழுத்து வெளியே போட்டார்கள். போட்டுவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார்கள். “முதல் தடவையே உள்ள போயிருந்தா பெரியவர் நல்ல மூச்சோட வந்திருப்பாரு. ரெண்டாவது தடவைதான் சார் எடுத்தோம்” என்றான் அந்த ஆள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது போலிருக்கிறது. ஆரஞ்சுப் பழப் பையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

கிழவர் அதே ஆஸ்பத்திரியில், மேல் மாடியில், நினைவு திரும்பாமலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வீட்டில் ஆட்கள் கூடினார்கள். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கூடத்திலும் வாசலிலும் போட்டிருந்தார்கள். கொக்கியை அன்று காலையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குரல் போயிருந்தது. பேசினால் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி வந்தது. சுவரோரமாக உட்கார்ந்து, மைக் எப்போது ஆரம்பிப்பான் என்று காத்திருந்தான். ஆரம்பிக்காமல் இருக்க மாட்டான். அப்பாவே போயிருந்தாலும் நான்கு பேர் கூடிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஜென்மமா அது? ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று தொடங்குவான். எங்கே நிறுத்தச் சொன்னான், இவன் எங்கே நிறுத்தினான், போனில் என்ன பொய் சொன்னான், எல்லாவற்றையும் விரலை மடக்கி மடக்கிச் சொல்வான். சொல்லட்டும் என்று கொக்கி மனதைத் திடப்படுத்திக்கொண்டான். உண்மையைச் சொன்னால், அவன் சீக்கிரம் சொல்லித் தொலைத்தால் தேவலை என்றுகூட இருந்தது.

மைக் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். எதிர்பார்த்தபடியே தொண்டையைச் செருமினான்.

“உங்க எல்லாருக்கும் ஒண்ணு தெரியணும்” என்றான். “நாங்க உள்ள போறதுக்கு முன்னாடி, சிலிண்டர் இல்லாம, முகமூடி இல்லாம, அந்த விஷத்துக்குள்ள முதல்ல போனது என் மாப்பிள்ளைதான். அப்பாவோட கதவத் திறந்தவரு அவருதான். இந்த வண்டிங்க அப்படித்தான், எப்ப பத்திக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. யார் மேலயும் தப்பு இல்ல.”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கொக்கியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அடுக்களை வாசலில் நின்ற மனைவி மட்டும் அவனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

“இல்ல” என்றான் கொக்கி. பாதி எழுந்தான். “மச்சான் முன்னாடியே சொன்னாரு. வெளிய நிறுத்தச் சொன்னாரு. நான்தான் கேக்கல. நான்தான்…” இருமல் வந்து மறித்தது.

“உயிரக் குடுக்கப் போன மனுஷன்” என்றாள் பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம், “இப்பவும் பழியத் தன் தலைமேலயே போட்டுக்கிறாரு பாரு.” ஒருவர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டி உட்காரவைத்தார். இன்னொருவர் தண்ணீர் கொண்டுவந்தார். வாழ்நாளெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லி எல்லோரையும் நம்பவைத்தவன், முதல் தடவையாக ஓர் உண்மையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

இருமல் அடங்கியதும் அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். கருகிய காரை இழுத்துக் காலி இடத்தின் நட்டநடுவில் போட்டு, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். மைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எதுக்கு மச்சான் அப்படிச் சொன்னீங்க?” என்றான் கொக்கி. “நாலு பேர் முன்னாடி நல்லவன் ஆகுறதுக்கா?”

மைக் திரும்பினான். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. கொக்கி சாலையில் சிக்கிய டிரைவர்களைப் பார்ப்பானே, அப்படித்தான் அவன் கொக்கியைப் பார்த்தான். தன்னை அப்படிப் பார்ப்பவர் ஒருவர் இருக்கக்கூடும் என்றே கொக்கி நினைத்ததில்லை.

“அப்பாவ நான் கூப்பிடவே இல்லன்னுதானே இத்தன வருஷமா சொல்லிட்டு இருக்கீங்க? எத்தன தடவ போன்ல கூப்பிட்டிருக்கேன் தெரியுமா? கீழ் ரூமக் காலி பண்ணி வச்சிருந்தேன், அவருக்காகத்தான். ‘வரல போடா. நீ பேசினா தூக்கம் வருது, மாப்பிள்ளை பேசினா சிரிப்பு வருது’ன்னு சொல்லிட்டாரு.”

கொக்கி கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“என்னைப் பத்தி நீங்க என்னென்ன பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? மைக்கு, கல்யாணத்துல பேசினது, பள்ளிக்கூடத்துத் தீயணைப்பான், எல்லாம் தெரியும். அவரே போன்ல சொல்லுவாரு. சொல்லிட்டு சிரிப்பாரு. நானும் கூட சிரிப்பேன். வேற என்ன பண்றது? அவரு சந்தோஷமா இருந்தாரு.”

“அப்ப உண்மையச் சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாடியும் என்னை…”

“உங்களக் காப்பாத்தணும்னு எனக்கு என்ன வேண்டுதலா மாப்பிள்ளை? என் தங்கச்சி இந்த வீட்டுலதான் இருந்தாகணும். தினமும் உங்க மூஞ்சியதான் பாத்தாகணும். அப்பாவக் கொன்னவன்கூட இருக்காளேன்னு ஊர் பேசினா அவ எங்க போவா? அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அத்தோட போதும்.”

கொக்கி வாயைத் திறந்தான். நாற்பது வருஷமாகக் கேட்காமலேயே வந்து நிற்கிற பதில் எதுவும் வரவில்லை. வயதுக்கு மீறிய கிழவனைப் போல மூச்சு மட்டும் கீச்சுக் கீச்சென்று வந்தது.

உள்ளேயிருந்து யாரோ, “அவர வரச் சொல்லுங்க, பாத்துட்டுக் கிளம்புறோம்” என்று கூப்பிட்டார்கள்.

“வாங்க” என்றான் மைக். “உங்களப் பாக்கத்தான் உக்காந்திருக்காங்க.”

“நான் என்ன சொல்லட்டும்?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பேசிக்கிறேன்.”

மைக் முன்னால் நடந்தான். கொக்கி அவனுக்குப் பின்னால் உள்ளே போனான்.